மவுசாக்கலைப் படகுக்கு ஜெக் பிளேட்: 4 அங்குலமா, 6 அங்குலமா, இல்லை தேவையே இல்லையா?

மஸ்கெலியா_தம்பி

வணக்கம். இவ்வளவு நாளும் வாசித்துவிட்டுப் போவதோடு சரி, இன்றைக்குத்தான் முதல் தடவை எழுதுகிறேன். இலங்கை மலையகத்தில், மவுசாக்கலை நீர்த்தேக்கக் கரையில் எங்களுக்கு நான்கு அறை வைத்த தங்குமிடம் இருக்கிறது. சிவனொளிபாதமலை சீசனுக்கு நல்லதண்ணி போகிற வழியில் தங்குகிறவர்களைத் தண்ணீரில் ஒரு சுற்றுக் கூட்டிப்போக 16 அடி பைபர் படகு ஒன்று வைத்திருக்கிறோம். அனுமதி எடுத்துத்தான் ஓட்டுகிறோம், அந்தக் கதையை இங்கே ஆரம்பிக்காதீர்கள்.

போன சீசன் வரை 15 குதிரைவலு எஞ்சின். ஆறு பேர் ஏறிவிட்டால் தேயிலைக் கொழுந்து லொறி ஏற்றத்தில் முனகுகிற மாதிரி மூக்கைத் தூக்கிக்கொண்டு முனகும், எழும்பவே எழும்பாது. அதனால் கரையோரத்தில் ஒருவரிடம் பழைய 40 குதிரைவலு, இரண்டு ஸ்ட்ரோக், வாங்கினேன். எந்தப் படகிலும் உட்காரும் தம்பி என்றார். லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்த பிறகுதான் விளங்கியது, அது லோங் ஷாஃப்ட், அதாவது நீளத் தண்டு எஞ்சின். காத்தாடிக்கு (புரொப்பெல்லர்) மேலே இருக்கிற கெவிட்டேஷன் தகடு படகின் அடியை விட எவ்வளவோ கீழே தொங்குகிறது. ஓடும்போது பின்னால் தண்ணீர் எழும்பி உள்ளேயே அடிக்கிறது, ஸ்டியரிங் திருப்பத் தோள் வலிக்கிறது, 40க்கு உரிய வேகமும் இல்லை. மாசியில் தண்ணீர் இறங்கியிருந்தபோது பழைய டவுன் பக்கம் ஏதோ ஒரு சுவரில் பட்டு காத்தாடிக்குக் கீழே துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற ஸ்கெக்கின் நுனியும் போய்விட்டது.

யூடியூபில் அமெரிக்காக்காரர்கள் பாஸ் என்கிற மீனைப் பிடிக்கிற படகுகளைப் பார்த்தேன். எஞ்சினுக்கும் படகுக்கும் நடுவில் ஜெக் பிளேட் என்று ஒரு சாமான் வைத்து, பட்டனைத் தட்டினால் எஞ்சின் மேலே கீழே போகிறது. பறக்கிறார்கள். எனக்கு இது சரிவருமா? 6 அங்குலமா 10 அங்குலமா? ஹைட்ரோலிக்கா கையால் திருகுவதா? இங்கே யாராவது செய்து தருவார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டிக்கோயா_குருவி

பாஸ் படகு என்று பார்த்ததும் நம்ம ஊர் மேஸ்திரிமார், கராஜ் பாஸ், மேசன் பாஸ் எல்லோரும் ஏறிப் போகிற படகாக்கும் என்று நினைத்தேன். மவுசாக்கலையில் இருப்பது ஜப்பான் மீனும் (திலாப்பியா) கார்ப்பும். அதற்கு 40 குதிரைவலுவே அதிகம் தம்பி.

மஸ்கெலியா_தம்பி

அண்ணே, நான் மீன் பிடிக்கப் போகவில்லை. ஆட்களை ஏற்றத்தான்.

சிம்கோ_மச்சான்

தம்பி, நான் பொகவந்தலாவைக்காரன், இப்போது கனடாவில். சிம்கோ ஏரியில் கோடை வந்தால் ஒவ்வொரு சனிக்கிழமையும் பாஸ் பிடிக்கிற பைத்தியம். 18 அடிப் படகு, 150 குதிரைவலு, ஹைட்ரோலிக் ஜெக் பிளேட். ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், டீயை ஊற்றி வைத்துக்கொண்டு வாசி.

ஜெக் பிளேட் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று எஞ்சினைப் பின்னால் தள்ளி வைக்கிறது, நீ சொல்கிற 6 அங்குலம், 10 அங்குலம் எல்லாம் அந்தத் தூரம்தான். இன்னொன்று எஞ்சினை மேலே கீழே நகர்த்த இடம் கொடுக்கிறது, சாதாரணமாக 5 அல்லது 6 அங்குலம் வரை. கடைக்காரர்கள் முதல் கணக்கைப் பெரிதாகப் போட்டு விற்பார்கள். ஆனால் காரியம் நடப்பது இரண்டாவதில்தான்.

எஞ்சினின் கீழ்ப் பகுதி தண்ணீருக்குள் போகப் போக இழுவை கூடும். மேலே தூக்கினால் இழுவை குறையும். ஆனால் படகுக்கு ஒட்டினாற்போல வைத்துக்கொண்டே அளவுக்கு மேல் தூக்கினால் காத்தாடி காற்றை இழுத்துக்கொண்டு சும்மா சுற்றும். படகு ஓடும்போது அடிப்பக்கத்தை விட்டு வெளியே வருகிற தண்ணீர் பின்னால் போகப் போக மெல்ல மேலே எழும்பும், அதோடு கலங்கலும் குறையும். எஞ்சினைப் பின்னால் தள்ளிவிட்டால் அந்த எழும்பிய தண்ணீர் காத்தாடிக்குக் கிடைக்கும், அதனால் கூடுதலாகத் தூக்கலாம். பின்னால் 8 முதல் 12 அங்குலத்துக்கு மேலே ஒரு அங்குலம் என்று ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். அது தொடங்குகிற இடம் மட்டும்தான், மிச்சத்தைத் தண்ணீரில் ஓட்டித்தான் பிடிக்க வேண்டும்.

இங்கே அட்லஸ், பாப்ஸ் என்று இரண்டு மூன்று பெயர்கள் எல்லோர் வாயிலும் இருக்கும். கையால் திருகுவது சில நூறு டொலர், ஹைட்ரோலிக் என்றால் ஆயிரத்தைத் தாண்டிவிடும். நான் ஏன் ஹைட்ரோலிக் போட்டேன் என்றால் எங்களுக்குப் புல் வளர்ந்த ஆழமில்லாத குடாக்களில் இருந்து எழும்ப வேண்டும், அப்புறம் நடு ஏரியில் அலை இருந்தால் கீழே இறக்க வேண்டும், ஒரே நாளில் பத்துத் தடவை மாற்றுவேன். வேகத்தில் எனக்குக் கிடைத்த லாபம் மணிக்கு 3 மைல். அவ்வளவுதான். வீடியோவில் பறக்கிறவனுக்கு 250 குதிரைவலுவும், படகின் அடியில் பேட் என்கிற தட்டையான முதுகெலும்பும் இருக்கும். உன்னுடையது ஆள் ஏற்றுகிற பைபர் படகு, அது வேறு சாதி.

உனக்கு வேண்டியது வேகம் இல்லை, உயரம். முதலில் அளந்து சொல். படகைக் கரையில் ஏற்றி, அடிப்பக்கத்தில் நேரான அலுமினியச் சட்டம் ஒன்றைப் பின்னால் நீட்டிப் பிடி. எஞ்சினை நேராக நிறுத்து. சட்டத்துக்கும் கெவிட்டேஷன் தகட்டுக்கும் நடுவே எத்தனை அங்குலம்? எஞ்சின் மாட்டுகிற பின்பலகையின் உயரம் எத்தனை? அதோடு முழு வேகத்தில் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) என்ன, காத்தாடியில் என்ன எண் குத்தியிருக்கிறது?

நோர்வுட்_கராஜ்

மச்சான் சொல்வதெல்லாம் சரி. ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். கனடாவில் 150 குதிரைவலு தாங்கக் கட்டிய பின்பலகையும் இங்கே 15 குதிரைவலுவுக்கு வார்த்த பின்பலகையும் ஒன்றா?

தம்பி, உன் எஞ்சின் 70 கிலோவுக்கு மேல் இருக்கும். அதைப் பின்பலகையில் ஒட்டி வைப்பது ஒரு பாரம். 6 அங்குலம் தள்ளி ஒரு பிராக்கெட்டில் தொங்கவிட்டால் அதே 70 கிலோ பின்பலகையை நெம்பும். மேலே இருக்கிற இரண்டு போல்ட்டும் வெளியே இழுபடும், கீழ் விளிம்பு பலகைக்குள் அமுங்கும். அலையில் ஒரு குலுக்கு விழுந்தால் இன்னும் மோசம். பைபர் என்று சொன்னாலும் பின்பலகையின் நடுவில் இருப்பது ஒட்டுப்பலகைதான். பழைய படகுகளில் போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி அது உள்ளுக்குள் உளுத்துப் போயிருக்கும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்.

அளக்கிறதுக்கு முன் இதைச் செய். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் பின்பலகை முழுக்கத் தட்டிக்கொண்டே போ. நல்ல இடம் டக் டக் என்று கேட்கும், கெட்ட இடம் தொப் தொப் என்று, ஈர மண்ணைத் தட்டுவது போல. அப்புறம் எஞ்சினைப் பாதி தூக்கி வைத்துக்கொண்டு கீழ்ப் பகுதியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டு. பின்பலகை கூடவே வளைந்தால் ஜெக் பிளேட்டை மறந்துவிடு.

மன்னார்_மருமகன்

நான் மன்னார், பெண் எடுத்தது ஹட்டனில், மாமனார் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எங்கள் ஊரில் இந்த லோங் ஷாஃப்ட் பிரச்சினை வந்தால் யாரும் ஜெக் பிளேட் தேடிப் போக மாட்டார்கள். கடையார்ப் பலகைக்கு, அதாவது பின்பலகைக்கு, மேலே நல்ல பலகை வைத்து உயர்த்தி, இரண்டு பக்கமும் பைபர் பாய் (கண்ணாடி இழை விரிப்பு) போட்டு ஒட்டிவிடுவார்கள். எஞ்சின் தன் உயரத்தில் உட்கார்ந்துவிடும். ஒரு நயா பைசா சாமான் வெளிநாட்டில் இருந்து வரத் தேவையில்லை. எதற்கு வீண் செலவு?

சிம்கோ_மச்சான்

மருமகன் சொல்வது நல்ல வழிதான், நான் மறுக்கவில்லை. பின்பலகை உயர்ந்தால் பின்னால் இருந்து ஏறுகிற அலைக்கும் அது தடை. ஒரு குறை என்னவென்றால் ஒட்டிய பிறகு அந்த உயரம்தான், அரை அங்குலம் கூட்டிக் குறைத்துப் பார்க்க முடியாது. 15 அங்குலப் பின்பலகைக்குக் குறுகிய ஷாஃப்ட், 20க்கு லோங், 25க்கு அதற்கும் நீளமானது என்றுதான் எஞ்சின்கள் வருகின்றன. ஆனால் படகுகள் அந்தக் கணக்குக்குக் கச்சிதமாக வருவதில்லை.

நோர்வுட்_கராஜ்

இன்னொரு வழி எஞ்சினையே குறுகிய ஷாஃப்ட்டாக மாற்றுவது. நடு உடல், டிரைவ் ஷாஃப்ட், கியர் ராட், தண்ணீர்க் குழாய் எல்லாம் மாற்ற வேண்டும். சாமான் பழையதாகக் கிடைத்தால் யோசிக்கலாம், புதிதாக வாங்கிச் செய்தால் கட்டுப்படியாகாது.

மஸ்கெலியா_தம்பி

எல்லோருக்கும் நன்றி. நேற்று அரை நாள் இதிலேயே போனது.

பின்பலகை உயரம் 15½ அங்குலம். கெவிட்டேஷன் தகடு சட்டத்துக்கு 4½ அங்குலம் கீழே. ஆர்பிஎம் மீட்டர் எஞ்சினோடு வந்தது, என்னோடு இன்னும் ஒருவரை ஏற்றிக்கொண்டு முழு வேகத்தில் ஓட்டியபோது 4,300 தாண்டவில்லை. போன் ஜிபிஎஸ்ஸில் மணிக்கு 34 கிலோமீற்றர். காத்தாடியில் 13 என்று இருக்கிறது. எஞ்சின் புத்தகத்தில் முழு வேகம் 4,500 முதல் 5,500 வரை என்று போட்டிருக்கிறது.

தட்டிப் பார்த்தேன். மேலே எல்லாம் நல்ல சத்தம். கீழே, வலது பக்க வடிகால் ஓட்டையைச் சுற்றி உள்ளங்கை அளவு இடத்தில் தொப் தொப். உட்காரவே மனம் இல்லை.

நோர்வுட்_கராஜ்

உள்ளங்கை அளவு என்றால் பயப்படாதே. உள்பக்கத்தில் இருந்து 4 மில்லிமீற்றர் டிரில் பிட்டால் அந்த இடத்தில் ஒரு ஓட்டை போடு, மறுபக்கம் வரை போகாமல். தூள் மஞ்சளாகக் காய்ந்து வந்தால் பிழைத்தாய். கறுப்பாக, ஈரமாக, டீத்தூள் சக்கை மாதிரி வந்தால் அந்த இடத்தை வெட்டி எடுக்க வேண்டும். அங்குலத்துக்கு ஒன்று போட்டுக்கொண்டே வெளியே போ, காய்ந்த தூள் வருகிற இடம்வரை.

மஸ்கெலியா_தம்பி

டீத்தூள் சக்கைதான். ஆனால் நான்காவது ஓட்டையில் காய்ந்துவிட்டது.

கெனியன்_பழசு

இந்தப் பையன் பழைய டவுன் பக்கம் ஓட்டினேன் என்றதைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மின்சார வேலையில் தலை நரைத்தவன். மவுசாக்கலை நிரம்பியது 1969இல், அதற்கு முன்னால் மஸ்கெலியா டவுன் அந்தப் பள்ளத்தில்தான் இருந்தது. வரட்சியில் தண்ணீர் இறங்கினால் கோவிலும் விகாரையும் வெளியே தெரியும், ஆட்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். ஆனால் படகோட்டிக்கு ஆபத்து வெளியே தெரிகிற சுவர் இல்லை. தண்ணீருக்கு ஒரு அடி கீழே நிற்கிற சுவர்தான். மின்சாரத்துக்குத் தண்ணீர் எடுக்க எடுக்க மட்டம் மாறிக்கொண்டே இருக்கும், போன வாரம் ஓடிய பாதையில் இந்த வாரம் ஓட முடியாது. ஜெக் பிளேட் போட்டால் சுவருக்கு மேலால் பறந்துவிடலாம் என்று நினைக்காதே. மெதுவாகப் போகும்போதும் நிற்கும்போதும் படகே கீழே உட்கார்ந்துவிடும். அணை, தண்ணீர் உள்ளே இழுக்கிற வாய், இரண்டின் பக்கமும் போகவே கூடாது, அனுமதிப் பத்திரம் எத்தனை இருந்தாலும்.

மஸ்கெலியா_தம்பி

ஐயா, சத்தியமாக இனி அந்தப் பக்கம் போக மாட்டேன். அம்மாவின் பழைய வீடு அங்கேதான் இருந்ததாம், காட்டுகிறேன் என்று கூட்டிப்போனபோதுதான் அடிபட்டது.

சிம்கோ_மச்சான்

4,300 ஆர்பிஎம்மைப் பார்த்ததும் எனக்கு வேறு ஒன்று ஞாபகம் வருகிறது, இதை யாரும் சொல்லவில்லை. நீ இருப்பது கடற்கரையில் இல்லை. மவுசாக்கலை 3,800 அடி உயரம் வரும். காற்று மெலிவு. ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 3 வீதம் என்று வலு குறையும், அப்படிப் பார்த்தால் உன் 40 இப்போது 35, 36தான். கரையோரத்தில் ஓடிய எஞ்சின், அங்கத்தைய காத்தாடியோடு அப்படியே மலைக்கு வந்துவிட்டது. கீழே அது 13இல் இழுத்திருக்கும். இங்கே 4½ அங்குலம் ஆழத்தில் புதைந்துகொண்டு, மெலிந்த காற்றைச் சுவாசித்துக்கொண்டு, ஆறு பேரையும் சுமந்துகொண்டு அதே 13ஐச் சுற்றச் சொன்னால் எப்படிச் சுற்றும்?

அந்த 13தான் பிட்ச், காத்தாடி ஒரு சுற்றுக்கு முன்னால் போகப் பார்க்கிற அங்குலக் கணக்கு. அதை ஒரு அங்குலம் குறைத்தால் ஆர்பிஎம் 150 முதல் 200 வரை கூடும். எஞ்சினை உயர்த்திவிட்டு மறுபடி பார், அப்புறமும் குறைவாக இருந்தால் 11 போடு. என் கணிப்பில் ஆறு பேரோடு எழும்புகிற விஷயத்தில் ஜெக் பிளேட்டை விட அந்தக் காத்தாடிதான் உனக்கு அதிகம் உதவும். அது விலையும் குறைவு.

நோர்வுட்_கராஜ்

இது நூற்றுக்கு நூறு. கார்பரேட்டரில் பெற்றோலை அளந்து விடுகிற ஜெட்டையும் பார். கரையோரத்து ஜெட்டில் இங்கே பெற்றோல் அதிகம் குடிக்கும், பிளக் கறுப்பாக நனைந்து இருக்கும். கழற்றிப் பார்த்தால் தெரியும். ஆனால் நீயாகச் சின்ன ஜெட் போட்டுவிடாதே, கம்பனிப் புத்தகத்தில் உயரத்துக்கு என்ன ஜெட் என்று இருக்கும், அதைத்தான் போட வேண்டும். குறைத்துப் போட்டால் பிஸ்டன் உருகும். அதே எஞ்சினைத் திரும்பக் கடலுக்கு விற்றால் ஜெட்டையும் திரும்ப மாற்றிக் கொடு, பாவம்.

நானுஓயா_வெல்டர்

இங்கே செய்து தருவார்களா என்று கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே. செய்யலாம். ஆனால் கேட், கிரில் அடிக்கிற இடத்தில் கொடுக்காதீர்கள். என் கண்ணால் பார்த்தது: 25 குதிரைவலு எஞ்சினுக்கு இரும்புச் சனல் சட்டத்தில் ஒருவர் பிராக்கெட் வெல்டிங் செய்து கொடுத்தார், பார்க்க யானை ஏறினாலும் தாங்கும் போல இருந்தது. மூன்று மாதம். வெல்டிங் ஓரத்தில் முடி மாதிரி வெடிப்பு வந்து ஒரு நாள் பிளந்துவிட்டது. சங்கிலி போட்டிருந்தபடியால் எஞ்சின் தண்ணீருக்குள் போகாமல் தொங்கியது.

வெளிநாட்டுச் சாமான்கள் பெரும்பாலும் 6061 அலுமினியம், டி6 பதம். அதை வெல்டிங் பண்ணினால் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும், பலம் பாதிக்குக் கிட்ட இறங்கும். அதனால்தான் நல்லவற்றில் தடித்த தகடுகளைப் போல்ட்டால் பூட்டுகிறார்கள். என்னைக் கேட்டால், கையால் திருகுகிற சாதாரணமானதை வாங்கி வரவழைப்பதுதான் நிம்மதி. எனக்கு வேலை போனாலும் பரவாயில்லை.

மன்னார்_மருமகன்

நான் இன்னும் பலகைக் கட்சிதான். வலது பக்கம் உளுத்ததை எப்படியும் வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டுகிற வெட்டில் உயர்த்தியும் விடலாமே?

நோர்வுட்_கராஜ்

மருமகனே, இரண்டு நாள் முன்னால் என்றால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் இந்தத் தம்பி ஒரு நாள் இரண்டு பேரை ஏற்றுகிறார், ஒரு நாள் ஆறு பேரை. காத்தாடியும் மாற்றப் போகிறார். சரியான உயரம் எது என்று இன்னும் யாருக்கும் தெரியாது. திருகி மாற்றக் கூடியது இருந்தால் கண்டுபிடிக்கலாம். அதுவும் 4 அங்குலப் பின்தள்ளலுக்கு மேல் வேண்டாம். 6, 8 எல்லாம் நீளமான கனத்த படகுக்கு. 16 அடிப் படகில் அவ்வளவு பின்னால் பாரம் போனால் நின்ற இடத்தில் பின்பக்கம் அமுங்கும், ஓடும்போது தவளை மாதிரி குதிக்கும்.

ஹைட்ரோலிக் வேண்டாம். பம்ப், மோட்டர், எண்ணெய் எல்லாம் சேர்ந்து கையால் திருகுவதை விட இரண்டு மடங்குக்குக் கிட்டக் கனம். கெட்டுப்போனால் இங்கே சீல் வாங்க எங்கே போவது?

சிம்கோ_மச்சான்

ஒத்துக்கொள்கிறேன். 4 அங்குலம், கையால் திருகுவது. வாங்குகிறபோது மூன்று விஷயம் பார். எத்தனை குதிரைவலு வரை தாங்கும் என்று எழுதியிருக்கிறார்கள், அது 40க்கு மேலேயே இருக்கட்டும். மேலே கீழே 5 அங்குலமாவது போக வேண்டும், உனக்கு 4½ தேவை. போல்ட் ஓட்டைகள் உன் எஞ்சினோடு பொருந்த வேண்டும். பெரிய எஞ்சின்களுக்கு மேல் ஓட்டைகள் 12⅞ அங்குலம், கீழே 9⅞ அங்குலம் என்று ஒரு பொது அளவு உண்டு, சின்ன எஞ்சின்களில் மாறும், அதனால் அட்டையில் ஓட்டைகளைக் குத்தி அளவெடுத்துக்கொள். டிசம்பரில் என் தங்கச்சி குடும்பம் ஊருக்கு வருகிறது, ஒரு பெட்டியில் வைத்து அனுப்புகிறேன். சொக்லேட்டைக் குறைத்துக்கொள்ளட்டும்.

மஸ்கெலியா_தம்பி

மச்சான், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

டிக்கோயா_குருவி

சொக்லேட் குறைந்த வீட்டின் சாபம் படகுக்கு ஆகாது. பார்த்துக்கொள்.

மஸ்கெலியா_தம்பி

எல்லோருக்கும் மன்னிக்கவும், ரொம்ப நாளாக எழுதவில்லை, சீசன் வேலை. நடந்ததைச் சொல்கிறேன்.

உளுத்த இடத்தை உள்பக்கமாக வெட்டி, இரண்டு கிழமை காயவிட்டு (இந்த மழையில் இரண்டு கிழமை என்பது பல்பு எரித்து வைத்துக் காய வைத்ததுதான்), புது மரைன் ஒட்டுப்பலகை வைத்து எபொக்சியும் பைபர் பாயும் போட்டு மூடினோம். ஜெக் பிளேட்டின் போல்ட்டுகளுக்கு நோர்வுட் அண்ணன் நேரில் வந்து சொல்லிக் கொடுத்தபடி ஓட்டையைப் பெரிதாகப் போட்டு, எபொக்சியால் அடைத்து, காய்ந்த பிறகு அதன் நடுவில் சரியான அளவில் மறுபடி துளைத்தோம். இப்போது தண்ணீர் ஒழுகினாலும் பலகையைத் தொடாது. உள்பக்கம் வாஷருக்குப் பதிலாக முழு அகலத்துக்கு ஒரு அலுமினியத் தகடு. தண்ணீர் புகாமல் அடைக்கிற சிக்காபிளெக்ஸ் பசை பூசி, துருப்பிடிக்காத போல்ட். பழைய போல்ட்டுகளைத் தூக்கிப் போடப் போனேன், அண்ணன் பிடுங்கிக்கொண்டார். சங்கிலியும் போட்டாயிற்று.

ஸ்டியரிங் கேபிள் தப்பியது. பெற்றோல் குழாயும் த்ரொட்டில் கேபிளும் நீளம் போதவில்லை, புதிதாக வாங்கினேன். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அடுத்து செய்கிறவர்கள் கணக்கில் எடுங்கள்: எஞ்சின் பின்னாலும் மேலேயும் போகிறது, அதோடு கட்டிய எல்லாமும் போக வேண்டும்.

முதலில் 5 அங்குலம் தூக்கினேன், தகடு அடியை விட அரை அங்குலம் மேலே. நேராக ஓட்டினால் அருமை, ஆறு பேரோடு வளைவில் திருப்பினால் எஞ்சின் கத்திக்கொண்டு காத்தாடி வழுக்கியது. அரை அங்குலம் இறக்கினேன், நின்றுவிட்டது. அந்த உயரத்தில், பழைய 13 காத்தாடியோடு, இரண்டு பேர்: 4,700, மணிக்கு 41 கிலோமீற்றர். பின்னால் எழும்பிய தண்ணீர்ச் சுவர் போய்விட்டது. ஸ்டியரிங்கை என் தங்கச்சி மகள் ஒரு கையால் திருப்புகிறாள் (நான் பக்கத்தில்தான் இருந்தேன்).

அப்புறம் 11 காத்தாடி. இரண்டு பேர்: 5,150, மணிக்கு 39. வேகம் 2 குறைந்தது, கவலையே இல்லை. ஆறு பேரை ஏற்றிக்கொண்டு இழுத்தால் மூக்கு ஒரு தடவை எழும்பி உடனே படிந்துவிடுகிறது, முன்பு அது நடக்கவே இல்லை. கொழுந்து லொறி போய்விட்டது.

சிம்கோ_மச்சான்

அருமை தம்பி! எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீர் வருகிறதா? எஞ்சினின் பக்கத்தில் பீய்ச்சுகிறதே, அது முழு வேகத்திலும் விடாமல் வருகிறதா என்று பார்த்தாயா? எஞ்சினைத் தூக்கினால் தண்ணீர் உறிஞ்சுகிற ஓட்டைகளும் சேர்ந்து மேலே வந்துவிடும். நான் அந்தத் தண்ணீரின் அழுத்தம் பார்க்கப் பிரஷர் மீட்டர் வைத்திருக்கிறேன், 10 பிஎஸ்ஐக்குக் கீழே போனால் உடனே இறக்கிவிடுவேன்.

மஸ்கெலியா_தம்பி

4½இல் விடாமல் வருகிறது. 5இல் வளைவில் ஒரு கணம் நூலாகி மறுபடி வந்தது. அதைப் பார்த்துத்தான் கை நடுங்கி இறக்கினேன், வழுக்கியது இரண்டாவது காரணம்.

கெனியன்_பழசு

பழைய டவுன் பக்கம்?

மஸ்கெலியா_தம்பி

போகவில்லை ஐயா. அம்மா கரையில் இருந்தே கை நீட்டிக் காட்டுகிறார்.

மன்னார்_மருமகன்

சரி, தோற்றேன். ஆனால் என் மச்சினனுக்கும் இதே மாதிரி ஒரு எஞ்சின் மாட்டிக்கொண்டது, அவனுக்குப் பலகைதான்.

நோர்வுட்_கராஜ்

அவனுக்குப் பலகை சரி, கடலில் ஒரே பாரத்தோடு ஓடுகிறவன். தம்பி, பத்து மணித்தியாலம் ஓடியாயிற்றா? பைபர் கொஞ்சம் அமர்ந்து கொடுக்கும், போல்ட்டுகளை மறுபடி ஒரு தடவை பிடி. நெரித்துவிடாதே, பாய் நசுங்கும். மேல் இரண்டையும் முக்கியமாகப் பார்.

மஸ்கெலியா_தம்பி

இன்று காலையில் பிடித்தேன் அண்ணே. கீழே இரண்டும் அசையவில்லை. மேலே இரண்டும் கால் சுற்றுப் போனது.